'உறவுப் பிரதிபெயர்': யாருக்கு யார் உறவு?

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் ஆங்கில இலக்கண வழிகாட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'ஹூ', 'விச்', 'தட்' போன்ற சொற்களைப் பற்றிய 'ரிலேட்டிவ் ப்ரோனவுன்' என்ற தலைப்புக்குக் கீழே தமிழில் 'உறவுப் பிரதிபெயர்' என்று போட்டிருந்தது. எடுத்துக்காட்டு எழுதும் இடத்தில் பையன் பென்சிலால் 'அங்கிள், ஆன்ட்டி, கசின்' என்று எழுதி வைத்திருந்தான். என்னையும் அவன் அங்கிள் என்றுதான் கூப்பிடுவான். திட்ட மனம் வரவில்லை. உறவு என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை வேறு என்ன எழுதும்?

சொல்லின் கதை சின்னதுதான். லத்தீனில் 'ரெஃபெர்ரே' என்றால் திரும்பக் கொண்டுசெல்வது. அதன் எச்ச வடிவம் 'ரிலாட்டுஸ்', அதிலிருந்து 'ரிலேட்டிவ்'. 'ரெஃபரன்ஸ்' என்பதும் இதே குடும்பம். சொந்தக்காரர் என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. 'ப்ரோனவுன்' என்றால் பெயருக்குப் பதிலாக நிற்பது. ஆக, முன்னே வந்த பெயரிடம் நம்மைத் திரும்பக் கொண்டுபோய் விடும் பதிற்பெயர். இதில் மாமன் மச்சானுக்கு இடமே இல்லை.

'இரு நாட்டு உறவு என்கிறோமே, அதுபோல இரண்டு சொற்களுக்கு இடையே உறவு' என்று சமாதானம் சொல்வார்கள். சரி, எந்தச் சொல்லுக்குத்தான் பக்கத்துச் சொல்லோடு உறவு இல்லை? 'அவன்' என்பதும் முன்னே சொன்ன ஆளைத்தான் குறிக்கிறது, அதுவும் உறவுதானே? வேற்றுமை உருபுக்கு அதைவிட நெருங்கிய உறவு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயரால் எதையும் அடையாளம் காட்ட முடியாது. இன்னொரு கூட்டம் 'இணைப்புப் பெயர்' என்கிறது. 'அண்ட்', 'பட்' எல்லாவற்றையும் இணைப்புச் சொல் என்று கற்பித்துவிட்டு, அடுத்த பாடத்திலேயே இப்படிச் சொன்னால் பிள்ளைகள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். 'தொடர்புப் பெயர்' பரவாயில்லை. ஆனால் எனக்கு அது கைபேசியில் சேமித்துவைத்த பெயர் மாதிரியே கேட்கிறது.

நான் 'தழுவுபெயர்' என்கிறேன். ஒரு சொல் இன்னொன்றைத் தழுவி நிற்பது, தழாமல் நிற்பது என்று நம் இலக்கணம் பேசிப் பழகியதுதான். நம் பெயரெச்சம் பின்னால் வரும் பெயரைத் தழுவும். ஆங்கிலத்து 'ஹூ' முன்னால் வந்த பெயரைத் தழுவும். 'நேற்று வந்த ஆள்', 'தி மேன் ஹூ கேம் எஸ்டர்டே' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வந்த' என்பதன் கடைசி அகரம் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் தனியாக ஒரு சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் இந்தச் சொல்வகை இல்லை என்பதை 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலேயே கால்டுவெல் எழுதிவிட்டார். 'வினை விதைத்தவன் வினை அறுப்பான்' என்பதில் 'ஹூ' எங்கே? 'விதைத்தவன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

இது தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள்தான் 'எந்த மனுதாரர் மனு செய்தாரோ அந்த மனுதாரர்' என்று எழுதுகிறார்கள். 'மனு செய்தவர்' என்றால் போதாதா? 'எவன், அவன்' என்ற இரட்டை தமிழுக்கு அந்நியம் இல்லை, அழுத்தம் வேண்டிய இடத்தில் அழகாகவே வரும். ஒவ்வொரு 'விச்'சுக்கும் ஒரு 'எது'வைத் தேடினால் படிக்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

அப்புறம் பையனுக்குத் தமிழ் வழியாகவே சொல்லிக்கொடுத்தேன். உயர்திணைக்கு 'ஹூ', அஃறிணைக்கு 'விச்'. 'தட்' இரண்டுக்கும் வரும், ஆனால் காற்புள்ளிக்குப் பின்னால் வராது. குழந்தையை மட்டும் கவனி, நாம் 'குழந்தை அழுகிறது' என்போம், ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஹூ'தான். 'என்னைப் பார்த்த பையன்' என்றால் பையன் எழுவாய், 'ஹூ'. 'நான் பார்த்த பையன்' என்றால் பையன் செயப்படுபொருள், ஏட்டு இலக்கணப்படி 'ஹூம்', பேச்சில் அங்கேயும் 'ஹூ' என்றே சொல்லிவிடுகிறார்கள். காற்புள்ளியில்தான் வெகுநேரம் ஆனது. 'மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் மதுரை' என்று காற்புள்ளி போட்டு எழுதினால் எனக்கு ஒரே சகோதரன் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். போடாவிட்டால் பலரில் மதுரைக்காரன். 'மதுரையில் இருக்கும் என் தம்பி' என்ற நம் தொடரில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது, சூழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறோம்.

'கூரை இடிந்த வீடு' என்று கொடுத்தேன். கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துவிட்டு, "அங்கிள், வீட்டுக்குப் போய் 'ஹூஸ்' வருமா?" என்றான். வரும், 'விச்'சுக்கென்று தனி உடைமை வடிவம் இல்லாததால் அஃறிணைக்கும் அதுதான். எழுதினான். பிறகு தலைப்பில் இருந்த 'உறவு'வை அடித்துவிட்டுத் 'தழுவுபெயர்' என்று எழுதி, தேர்வில் இப்படிப் போட்டால் மதிப்பெண் கிடைக்குமா என்று கேட்டான்.

கிடைக்காது என்றேன்.