சுழலாத புஷ்

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றி மிதிக்கும்போதெல்லாம் எங்கள் ஃபோர் வீல் ஜீப்பின் பின்பக்கம் 'டொக்' என்றது. காரணம் புஷ்கள், அதாவது வண்டியின் அடியில் இரும்பு இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் உருளைகள். ஆறே மாதத்துக்கு முன்னால் வாசலில் படுத்துக்கொண்டு நானே மாற்றியவை. கழற்றிப் பார்த்தால் ரப்பர் வட்டமாகக் கிழிந்து தனியே வந்தது. லேத் பட்டறை அண்ணன் அதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சக்கரம் தொங்கறப்பவே போல்ட்ட முறுக்கிட்டீங்களாட்ட இருக்குதுங்க?" என்றார்.

அப்படித்தான் முறுக்கியிருந்தேன். அது ஏன் தப்பு என்று புரிய, புஷ்ஷுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புஷ் என்றால் கதவுக் கீல் மாதிரி உள்ளே ஏதோ சுழலும் என்று நானும் நினைத்திருந்தேன். ஜீப்பின் பின் ஆக்சிலை (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) பிடித்திருக்கும் ஆர்ம்கள் என்ற இரும்புக் கைகளின் நுனியில் இருப்பது இவ்வளவுதான்: வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஓர் இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் பிரிக்க முடியாமல் ஒட்டி வார்த்த ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் கண்ணுக்குள், அதாவது நுனியில் உள்ள வட்டத் துளைக்குள், இறுகி உட்கார்ந்திருக்கும். உள்குழாயைச் சேசிஸ் பிராக்கெட்டின் இரு காதுகளும் போல்ட்டின் இறுக்கத்தில் கவ்விக்கொள்ளும். ஆக, போல்ட்டை முறுக்கிய பிறகு உள்குழாய் அசையாது. ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுத்துத் திரும்புகிறது. எதுவும் எதன் மேலும் உரசுவதில்லை, கிரீஸும் கேட்பதில்லை.

ரப்பருக்கு ஒரு விசித்திரம் உண்டு. உருவத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், கன அளவைக் குறைப்பது மிகவும் கடினம். இரண்டு குழாய்களுக்கு நடுவே அடைபட்ட ரப்பரை ஒரு பக்கமாக அழுத்தினால் அதற்குப் பிதுங்கி ஓட இடமில்லை, விறைத்து நிற்கும். அதையே திருகினால் எளிதாக இணங்கும். ஆக்சில் முன்பின் ஓடாமல் பிடிக்க வேண்டும், மேலே கீழே ஆட மட்டும் விட வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே பொருள் செய்துவிடுகிறது. போதாததற்குச் சாலையின் அதிர்வில் ஒரு பங்கை உள்ளுக்குள்ளேயே சூடாக்கித் தீர்த்தும் விடுகிறது.

இப்போது என் தப்புக்கு வருவோம். ஆர்ம் 50 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸைத் தூக்கினால் ஆக்சில் 12 செ.மீ. இறங்கித் தொங்கும், ஆர்ம் சுமார் 14 டிகிரி சாயும். அந்த நிலையில் போல்ட்டை முறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கிய உடனே ரப்பர் 14 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. உள்குழாயின் ஆரம் 10 மி.மீ. என்றால் அதன் மேற்பரப்பில் இது 2.4 மி.மீ. இழுப்பு. வண்டி சும்மா நின்றாலும் ராத்திரி பகலாக அந்தப் பிழிதல் இருந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு குழியில் ஆக்சில் 10 செ.மீ. மேலே வந்தால் இன்னும் 2 மி.மீ. கூடும். 8 மி.மீ. தடிமன் ரப்பர் 4.4 மி.மீ. இழுபடுகிறது. சக்கரம் தரையில் நிற்கும்போது முறுக்கியிருந்தால் அதே குழியில் 2 மி.மீ.தான். ஆர்ம்களுக்குப் பதில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வைத்த வண்டியின் ரப்பர் புஷ்களுக்கும் இதே கதைதான்.

ரப்பர் தானாகவும் கிழடாகும். 1839-ல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஆனால் காற்றிலுள்ள ஓசோனும் வெயில் சூடும் அதை இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. இழுபட்டு நிற்கும் ரப்பரில் ஓசோன் வெடிப்பு சீக்கிரம் விழும். டீசலும் ஆயிலும் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும்.

சரி, இரண்டாம் முறை செய்த விதம். தூக்கும் முன்பே சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டேன். சிமென்ட் தரை, நல்ல ஸ்டாண்ட். ஹாலோ பிளாக் அடுக்கி அடியில் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பின்பக்கம் தூக்கிவிட்டால் பின் சக்கரத்தைப் பிடிக்கும் ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை. முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்தே ஆக வேண்டும். ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஒரு நேரத்தில் ஓர் ஆர்மை மட்டும் கழற்றினேன். மற்றவை பிடித்திருப்பதால் ஆக்சில் புரளாது.

பழைய புஷ்ஷை நெருப்பு வைத்து எரிப்பவர்கள் உண்டு. அந்தப் புகையை மூச்சில் இழுக்க எனக்கு மனமில்லை. ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, வெளிக்குழாயை ஹேக்ஸா பிளேடால் கீறி உள்பக்கம் மடக்கினேன். கண்ணில் கீறல் விழாமல் செய்ய அரை மணி நேரமும் நிறையப் பொறுமையும் போனது.

புதிய புஷ்ஷை முதல் நாளே ஃபிரீசரில் போட்டேன். 50 மி.மீ. விட்டமுள்ள இரும்பு 50 டிகிரி குளிர்ந்தால் 0.03 மி.மீ. சுருங்கும். ஒரு தலைமுடி அளவுகூட இல்லை; ஆனாலும் நுழையும்போது அது தெரியும். ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் புஷ்ஷைப் பார்த்து வீட்டில் சொன்னதை இங்கே எழுத முடியாது. லேத்தில் கடைந்து வாங்கிய பைப் துண்டு, தடித்த வாஷர், நீள மரை போட்ட ராடு இவற்றால் மெல்ல இழுத்து உட்கார வைத்தேன். விசை வெளிக்குழாயின் மேல் மட்டுமே விழ வேண்டும். உள்குழாயை அழுத்தினால் ஒட்டிய ரப்பர் அங்கேயே பிய்ந்துவிடும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே வேண்டுமென்றே துளை விட்டிருப்பார்கள்; அந்த வகையில் குறி எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டுகளைக் கையால் மட்டும் முறுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கினேன். நாலு முறை குலுக்கி அளந்தால் எழுதி வைத்த அளவு வந்தது. ஃபோர் வீல் வண்டியின் உயரம் இங்கேதான் உதவுகிறது: குழி வெட்டாமலே அடியில் ஊர்ந்து, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (இறுக்க அளவுக்கு) முறுக்க முடிந்தது.

மச்சான் மட்டும் பாலியூரித்தேன் போட்டான். அது உள்குழாயோடு ஒட்டாது, அதன் மேல் சுழலும். ஆகவே இந்த உயரக் கவலை அவனுக்கு இல்லை. உரசும் பொருள் என்பதால் கிரீஸ் கவலை உண்டு. தாளவாடிப் புழுதியில் கிரீஸ் வற்றியதும், அவன் ஜீப் வருவது தோட்டத்துக் கேட்டுக்கு வரும் முன்பே செக்கு ஆட்டுவது போலக் கேட்கும்.