ஸ்பர்: வானொலித் திரையில் நிற்கும் போலி

பொருள்: மென்பொருள் வானொலியின் (அலையைப் பிரித்தறியும் வேலையைக் கணினி மென்பொருளே செய்யும் வானொலி) திரையில் அசல் ஒலிபரப்பு போலவே தெரியும், ஆனால் அந்த அதிர்வெண்ணில் யாரும் அனுப்பாத குறிகை (சிக்னல்). தமிழில் போலிக் குறிகை. பேச்சில் வெறும் ‘போலி’ என்றாலே போதும்.

‘ஸ்பூரியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்ததுதான் ஸ்பர். குதிரைவீரர்கள் குதிகாலில் மாட்டும் ஸ்பருக்கு வேர் வேறு. ஸ்பூரியஸின் மூலம் லத்தீன் ‘ஸ்பூரியுஸ்’: தகப்பன் இன்னார் என்று தெரியாத, முறைப்படி பிறக்காத பிள்ளை. (ரோமானியர்களிடம் இதே எழுத்தில் மரியாதையான ஆண்பெயர் ஒன்றும் இருந்தது வேடிக்கை.) ஆங்கிலத்தில் அது ‘அசல் அல்லாத’ என்று தேய்ந்துவிட்டது. வானொலிக்காரர்களுக்கு லத்தீன் பொருளே பொருத்தம். திரையில் கோடு தெரிகிறது, பெற்றவர் யாரென்று தெரியவில்லை. பழுது பார்ப்பது என்பது அந்தத் தகப்பனைத் தேடும் வேலை.

இரைச்சலும் ஸ்பரும் ஒன்றல்ல. ஹாம்கள் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் பலர் இரண்டையும் சேர்த்து ‘நாய்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள், அப்புறம் தவறான இடத்தில் கைவைக்கிறார்கள். இரைச்சல் திரையின் அடியில் பாய் விரித்தாற்போலப் பரவிக் கிடக்கும், அதற்கென்று ஓர் இடம் கிடையாது. ஸ்பருக்கு முகவரி உண்டு. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒற்றைக் கோடாக, அல்லது சம இடைவெளியில் வரிசையாக நிற்கும். முகவரி இருப்பதால் அதைக் கணக்குப் போட்டே பிடிக்கலாம்.

2012 முதல் ஹாம்களிடம் பரவிய ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சி பார்க்கச் செய்த இந்த மலிவான யூஎஸ்பி குச்சிக்குள் ஓடுவது, அதன் எல்லா அதிர்வெண்ணுக்கும் அளவுகோலான 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம். படிகத்தின் மடங்குகளில் எல்லாம் கோடு முளைக்கும். ஐந்தால் பெருக்கினால் 144.0, ஹாம்களின் இரண்டு மீட்டர் அலைப்பட்டையின் வாசற்படி. பதினைந்தால் பெருக்கினால் 432.0, வெளிநாடுகளில் மெல்லிய குறிகைகளைத் தேடுவோர் காது வைக்கும் இடம். பெருக்காமல் விட்டாலோ 28.8 பத்து மீட்டர் பட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. புதிதாக டாங்கிள் வாங்கியவர் 144.000இல் அசையாத கோட்டைப் பார்த்து, ஏதோ நிலையம் என்று காத்திருப்பது இதனால்தான்.

இந்தப் போலியைக் காட்டிக்கொடுக்க அழகான ஓர் அடையாளம் உண்டு. டாங்கிள் சூடேறும்போது படிகம் கொஞ்சம் நழுவும். வெளியிலிருந்து வரும் அசல் நிலையங்கள் எல்லாம் திரையில் மெல்ல நகரும். படிகத்தின் சொந்த மடங்கு மட்டும் நகராது. அளவுகோலும் அதே படிகம், அளக்கப்படுவதும் அதே படிகம் என்றால் வித்தியாசம் எப்படித் தெரியும்? மென்பொருளில் அதிர்வெண் திருத்தம் எதுவும் போடாத டாங்கிளில் காலை முதல் மாலை வரை மிகச் சரியாக 144.000இல் நிற்கும் கோட்டை நம்பாதீர்கள்.

எல்லாப் போலியும் படிகத்தின் பிள்ளை அல்ல. ஹேக்ஆர்எஃப் போன்ற மென்பொருள் வானொலிக் கருவிகளில் திரையின் நட்டநடுவே ஒரு கூர்முனை நிற்கும். எந்த அதிர்வெண்ணுக்குப் போனாலும் நடுவிலேயே கூட வருவது அதன் குணம். கேட்க வேண்டியதைச் சற்று ஓரமாக வைத்துக்கொண்டால் தொல்லை இல்லை. கருவி வரும் அலையைப் பிரித்துக் கையாளும் ஐ, க்யூ என்ற இரண்டு கிளைகளின் அளவும் கட்டமும் (ஃபேஸ்) சரியாகப் பொருந்தாவிட்டால், பலமான நிலையத்தின் பிம்பம் மையத்துக்கு மறுபக்கம் தோன்றும். மையத்தை 10 கிலோஹெர்ட்ஸ் நகர்த்திப் பாருங்கள்: அசல் தன் அதிர்வெண்ணிலேயே இருக்கும், பிம்பம் 20 கிலோஹெர்ட்ஸ் தாவும்.

இன்னும் வம்பானது கலப்புப் போலி. பக்கத்தில் உள்ள இரண்டு பண்பலை (எஃப்எம்) நிலையங்கள் ஏற்பியின் (ரிசீவரின்) முன்பெருக்கியைத் திணறடித்தால், அவை உள்ளேயே கலந்து மூன்றாவதாக ஒன்றைப் பெற்றுவிடும். 106.4, 93.5 என்ற இரண்டும் ஓங்கி ஒலிக்கும் இடத்தில், முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழியுங்கள்: 119.3 மெகாஹெர்ட்ஸ். விமானப் பட்டையில் பாட்டுக் கச்சேரி! இதற்குச் சோதனை, ஆன்டெனாவுக்கும் ஏற்பிக்கும் நடுவே குறிகையின் பலத்தைக் குறைக்கும் 10 டெசிபெல் தணிப்பி ஒன்றைப் போடுவது. அசல் குறிகை 10 டெசிபெல் இறங்கும். இந்த வகைப் போலி 30 இறங்கும், பெரும்பாலும் காணாமலே போய்விடும். ஆகவே ஏற்பி பெருக்கும் அளவான கெயினைக் குறைப்பது, பண்பலையைத் தடுக்கும் வடிகட்டி போடுவது, இரண்டுமே மருந்து. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று கெயினை மேலே தள்ளுவதுதான் பலரும் செய்வது. அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

எந்தக் கோட்டைச் சந்தேகித்தாலும் முதலில் ஆன்டெனாவைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் முடிப்பியை (ஆன்டெனாவுக்குப் பதில் நிற்கும் மின்தடை) மாட்டுங்கள். கோடு அப்படியே இருந்தால் அநேகமாகக் கருவிக்குள்ளேயே பிறந்தது, அல்லது யூஎஸ்பி வடம் வழியாகக் கணினியிலிருந்து ஏறி வந்தது. மறைந்துவிட்டால் ஆன்டெனா வழியாக வந்தது என்று பொருள். அது அசல் நிலையமாக இருக்கலாம், மேலே சொன்ன பிம்பமாகவோ கலப்பாகவோ இருக்கலாம், வீட்டு சார்ஜரும் எல்இடி பல்பும் கக்குவதாகவும் இருக்கலாம். சார்ஜர் கக்குவதை ஸ்பர் என்று சொல்வது அவ்வளவு சரியல்ல, ஏற்பியைப் பொறுத்தவரை அது நிஜமாகவே காற்றில் வந்த அலை. அதற்குப் பெயர் குறுக்கீடு. பல பத்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மேடுமேடாக, கொஞ்சம் தள்ளாடியபடி தெரியும். ஏற்பியை மடிக்கணினியின் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு, வீட்டு மின்பலகையின் எம்சிபி சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினால் குற்றவாளி மாட்டுவான். சிற்றலைப் பட்டைகளுக்கு 31ஆம் வகை ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் அந்தக் குற்றவாளிக் கருவியின் வடத்தைப் பல சுற்று சுற்றுவது நல்ல பலன் தரும். ஒரே ஒரு சுற்று போட்டுவிட்டு ஃபெரைட் உதவாது என்று சொல்வோர் நிறைய.

ஹாம்கள் உள்ளே பிறந்த போலியை ‘பேர்டி’ என்றும் அழைப்பார்கள். பழைய ஏற்பிகளில் டயலைத் திருப்பும்போது இரண்டு அலைகள் மோதி, குருவி கத்துவதுபோல ஒரு விசில் கேட்கும். ‘கீச்சு’ நல்ல தமிழ். ஆனால் அதை ட்விட்டர்க்காரர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இனி தமிழ்ச் சொல். ‘பொய்க்குறிகை’ என்று சொல்லலாமே என்றால், பொய் இல்லாததைக் குறிக்கும். ஸ்பர் இருக்கிறது, திரையில் அளந்து பார்க்கலாம். அது காட்டிக்கொள்வதுதான் வேறு. ‘போல்’ என்ற வேரிலிருந்து வந்த போலி இதைச் சரியாகப் பிடிக்கிறது. இலக்கணத்திலும் அறம் என்பதை அறன் என்று எழுதினால், மகரத்தின் இடத்தில் வந்து நிற்கும் னகரத்தைக் கடைப்போலி என்கிறோம். அங்கே பொருள் மாறாது, இங்கே ஆளையே ஏமாற்றும், அவ்வளவுதான். படிகப் போலி, பிம்பப் போலி, கலப்புப் போலி என்று அடைமொழி சேர்த்தால் தகப்பன் பெயரும் கூடவே வந்துவிடும்.

அனுப்பும் பக்கத்துக்கு இன்னொரு சொல் வேண்டும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் பேசும் ‘ஸ்பூரியஸ் எமிஷன்’, செய்தி போய்ச் சேருவதைக் கெடுக்காமல் குறைக்கக்கூடிய, தேவையான அலையகலத்துக்கு வெளியே விழும் உமிழ்வு. ஹார்மோனிக்குகளும் அதில் அடக்கம். அதற்குப் போலி உமிழ்வு என்பது பொருந்தும். ஏற்பியின் போலி உங்களை மட்டும் ஏமாற்றும். போலி உமிழ்வு ஊரில் உள்ள மற்ற ஏற்பிகளில் போய் விழும், அதனால்தான் அதற்கு மட்டும் விதியில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.