சீட்டுப் பணம் செலவா, சொத்தா?

லினக்ஸ் கணினியில் வீட்டுக் கணக்கு எழுத எந்த மென்பொருளை நிறுவலாம் என்று கேட்பவர்களிடம், மாதச் சீட்டு கட்டும் ஒரு திருப்பூர்க் குடும்பத்தின் வரவு செலவை அதில் எழுதிப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

20 பேர், 20 மாதம், மாதம் 5,000 ரூபாய் என்று ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை எடுத்துக்கொள்வோம். தவணையைச் செலவு என்று எழுதினால், சேமிக்கின்ற குடும்பம் மாதந்தோறும் ஏழையாவதாகக் கணக்குச் சொல்லும். ஐந்து தவணை கட்டியபின் 20,000 ரூபாய் தள்ளி ஏலம் எடுத்து, கைக்கு வந்த 80,000 ரூபாயை வருமானம் என்று எழுதினால் பொய் இன்னும் பெரிதாகும்.

இதற்கு இரட்டைப் பதிவு முறை வேண்டும். 1494இல் வெனிஸில் அச்சான தம் நூலில் இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாசியோலி விளக்கிய இம்முறையில், ஒரு கணக்கில் எழுதும் பற்றுக்குச் (டெபிட்) சமமான வரவு (கிரெடிட்) வேறு கணக்கில் இருந்தே ஆகவேண்டும். சொத்தோ செலவோ கூடினால் அது பற்று; சொத்து குறைந்தாலோ கடன் கூடினாலோ அது வரவு. வங்கிக் கணக்கில் 80,000, தள்ளுபடிச் செலவில் 20,000 என்று பற்று எழுதி, சீட்டுக் கணக்கில் 1,00,000 வரவு வைத்தால், அங்கே ஏற்கெனவே சொத்தாக இருந்த 25,000 கழிந்து 75,000 ரூபாய் கடன் நிற்கும். அது மீதமுள்ள 15 தவணைகளுக்குச் சரியாக வரும். (சீட்டு நடத்துபவரின் கமிஷனை இங்கே சேர்க்கவில்லை.)

1998 முதல் வெளிவரும் குனூகேஷ், கேடிஇ என்ற மென்பொருள் குழுவின் கேமைமணி ஆகிய இரண்டு மென்பொருள்களும் இம்முறையில் இயங்குபவை. சம்பளமும் மளிகையும் மட்டுமே உள்ள வீட்டுக்கு எளிமையான ஹோம்பேங்க் போதும். கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரியில் பழகியவர்கள் ஜான் வீக்லி 2003இல் தொடங்கிய லெட்ஜரைப் பார்க்கலாம். ஈரோட்டுக் கிடங்கில் விலைக்குக் காத்திருக்கும் மஞ்சளை ரூபாயாக மாற்றாமல் மூட்டைக் கணக்கிலேயே எழுதிவைத்து, வேண்டும்போது அன்றைய விலையில் மதிப்பிட அது இடம் தருகிறது.

பைசாவைச் சேமிக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. பத்தில் ஒன்று என்ற பின்னம் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டும் கொண்டது) முடிவின்றி நீள்வதால், தொகையை இரும மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால் கூட்டலில் நுண்ணிய பிழை சேரும். குனூகேஷ் 125 ரூபாய் 50 பைசாவை 12550/100 என்ற முழு எண் பின்னமாக எழுதுவதால் அந்தப் பிழைக்கு வழியில்லை. அதன் கோப்பு இயல்பாகச் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவம். அமைப்புகளில் சுருக்கத்தை நிறுத்திவிட்டால், மென்பொருள் இல்லாத கணினியிலும் சாதாரண உரைத்திருத்தியில் திறந்து படிக்கலாம்.