ரத்தப் பிரிவு பொருந்தினால் மட்டும் போதாது

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நோயாளியைச் சேலத்துக்கு அழைத்து வரும் உறவினர்கள், ரத்த வங்கியின் ஜன்னலருகே நின்று, "பிரிவுதான் தெரிந்துவிட்டதே, ரத்தம் தர ஏன் ஒரு மணி நேரம்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அந்த ஒரு மணி நேரத்தில் செய்யப்படுவதுதான் ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை செய்யும் எங்கள் தொழிலின் முக்கியமான பகுதி.

ஏ, பி, ஓ பிரிவுகளும் ஆர்ஹெச் காரணியும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் சிவப்பணுக்களின் மேல் 300-க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்கள், அதாவது உடல் தன்னுடையதா பிறருடையதா என்று அடையாளம் காணும் குறிகள், உள்ளன. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோரின் உடலில் தங்களிடம் இல்லாத ஆன்டிஜென்களைத் தாக்கும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) உருவாகியிருக்கக்கூடும். ஆகவே நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும், ஆன்டிபாடிகள் உள்ள தெளிந்த நீரை) கொடையாளரின் சிவப்பணுக்களுடன் கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் வைத்து, சலைனில் (உப்பு நீரில்) பலமுறை கழுவி, 1945-இல் அறிமுகமான கூம்ப்ஸ் முறையின் வினைப்பொருளை, அதாவது ஆன்டிபாடி ஒட்டிய அணுக்களைத் திரளச் செய்யும் பொருளை, சேர்த்துச் சுழற்றுகிறோம். பிறகு குழாயை வெளிச்சத்தில் மெல்லச் சாய்க்கும்போது, அடியில் படிந்த அணுக்கள் சீராகக் கலைந்து பரவினால் பொருந்துகிறது என்று பொருள். திட்டுத்திட்டாகத் திரண்டு நின்றால் அந்தப் பையைக் கொடுக்க முடியாது.

இதிலும் ஏமாற்றக்கூடிய ஓர் ஆன்டிபாடி உண்டு. கிட் (Kidd) என்ற வகையைச் சேர்ந்த அது, சில மாதங்களிலேயே பரிசோதனையில் புலப்படாத அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஆன்டிஜென் உள்ள ரத்தம் மறுபடி ஏறினால் வேகமாகப் பெருகிச் சிவப்பணுக்களை அழித்துவிடும். ஏற்றிய சில நாட்களிலோ இரண்டு வாரங்களுக்குள்ளோ ஹீமோகுளோபின் சரிந்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்துப் போகலாம்.

தோட்ட வேலை செய்யும் ஒரு பெண்ணுக்காக வந்த படிவத்தில், முன்பு ரத்தம் ஏற்றிய விவரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. பரிசோதனையில் மிக மெல்லிய திரட்சி தெரிந்ததால் வெளியே வந்து அவருடைய மாமியாரிடம் விசாரித்தேன். "பிரசவத்தப்போ ரெண்டு பாட்டில் ஏத்துனாங்க, அதையும் சொல்லணுமா சார்?" என்றார். அந்தச் சொல்லை வைத்துத்தான் விரிவான பரிசோதனை செய்து, கிட் ஆன்டிபாடி என்று கண்டறிந்து, அந்த ஆன்டிஜென் இல்லாத ரத்தத்தைத் தேடிக் கொடுத்தோம். காலியாக விடப்படும் இந்தக் கட்டத்தைப் போல எனக்குக் கவலை தருவது வேறில்லை.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்களுக்கு: மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டமும் ரத்தப் பரிசோதனையில் ஆறு மாத அனுபவமும், அல்லது பட்டயமும் ஓராண்டு அனுபவமும் சட்டப்படி தேவை. அதற்கு மேல், சாம்பிள் குழாயின் பெயரையும் மருத்துவமனை எண்ணையும் எவ்வளவு அவசரத்திலும் படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பிடிவாதம் வேண்டும். பிரிவு மாறி ரத்தம் ஏறும் விபத்துகள் பெரும்பாலும் ஆளடையாளத் தவறுகளால்தான் நேர்கின்றன.

நோயாளியின் வீட்டார் செய்ய வேண்டியது எளிது. முன்பு ரத்தம் ஏற்றியதையும், பிரசவங்களையும், கருக்கலைவையும், ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்மார்களுக்குப் போடப்படும் ஆன்டி-டி ஊசி போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும், ஆன்டிபாடி இருப்பதாக ஏதேனும் ரத்த வங்கி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளையும் ஆதார் அட்டையோடு சேர்த்து வையுங்கள். சாம்பிளுடன் அதன் நகலும் வந்துவிட்டால், எதைத் தேட வேண்டும் என்பது தொடங்கும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும்.