டிராம் - அமிழ் தண்டூர்தி

"அமிழ் தண்டூர்தி"ன்னு ஒரு தம்பிகிட்ட சொன்னேன், "என்னண்ணே, நீர்மூழ்கிக் கப்பலா?"ன்னு கேட்டான். இல்லப்பா, ரோட்டுல பதிச்ச தண்டவாளத்துல ஓடுற டிராமுக்குத் தமிழ்ப் பேரு! அவன் மேல தப்பில்ல, அந்தப் பேர முதல்ல கேக்குற யாருக்கும் அப்படித்தான் தோணும்.

டிராம்ங்கறது ஐரோப்பாவோட வடக்குப் பக்கத்துல இருந்து வந்த சொல்லு. பழைய டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகள்ல இதுக்கு உத்தரம், மரக்கட்டை, தள்ளுவண்டியோட கைப்பிடித் தண்டுன்னு அர்த்தம். ஸ்காட்லாந்து, வட இங்கிலாந்துப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துல கரி அள்ளிட்டுப் போற சின்ன வண்டிக்கும் அது ஓடுற கட்டைப் பாதைக்கும் இதே பேரு ஒட்டிக்கிச்சு, அப்புறம் 19ஆம் நூற்றாண்டுல நடுரோட்டுல தண்டவாளம் போட்டு ஆளுங்கள ஏத்த ஆரம்பிச்சதும் அந்த வண்டிக்கே பேராயிடுச்சு. அவுட்ராம்னு ஒரு இஞ்சினியர் பேர்ல பாதிய வெட்டித்தான் டிராம் வந்துச்சுன்னு ஒரு கதை சுத்துது, நம்பாதீங்க. அவர் பொறந்ததே 1764ல, சொல்லு அதுக்கு 200 வருசம் முன்னாடியே புழக்கத்துல இருக்கு.

நம்ம ஊருக்கு இந்தச் சொல்லு வண்டியோடயே வந்துச்சு. 1895 மே 7, மெட்ராஸ். இந்தியாவோட முதல் மின்சார டிராம் அதான். கல்கத்தாவுல 1873லயே டிராம் விட்டாங்க, ஆனா குதிரை இழுத்தது. லண்டன்லயே அப்ப குதிரை டிராம்தான், யோசிச்சுப் பாருங்க. மெட்ராஸ்ல முதல்ல கரண்ட்ட ரோட்டுக்கு அடியில ஒரு குழாய் மாதிரி பள்ளத்துல கொண்டுபோனாங்க, நம்ம ஐப்பசி மழை சும்மா விடுமா, தண்ணி பூந்து பாடாப்படுத்த, அப்புறம் தலைக்கு மேல கம்பி கட்டிட்டாங்க. பாரிமுனை, மவுண்ட் ரோடுன்னு ஓடுன அந்த வண்டி கம்பெனி நொடிச்சுப்போய் 1953 ஏப்ரல்ல நின்னுடுச்சு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் "டிராம் வண்டி"ன்னுதான் சொல்வார். தமிழ்ல 'ட்ரா'ன்னு ரெண்டு மெய் சேந்து சொல்லோட முதல்ல நிக்கக் கூடாது, அதான் வாய் தானா நடுவுல ஒரு இகரத்தச் செருகி 'டிராம்' ஆக்கிக்கிச்சு.

இப்ப தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். அமிழ் + தண்டு + ஊர்தி. தண்டவாளத்துல வர்ற அதே தண்டு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விசயம், டிராம்ங்கற சொல்லோட பூர்வீக அர்த்தமும் தண்டுதான்! யாரும் வேர் பாத்து வெச்சாங்களோ இல்லயோ, சரியா வந்து விழுந்திருக்கு. ரயிலும் இதே கதைதான், இங்கிலீஷ்ல ரயில்னா தண்டவாளக் கம்பி, நாம வண்டியவே ரயில்னுட்டோம்.

சரி, 'அமிழ்' எதுக்கு? கல்கத்தா போனப்பதான் எனக்கே புரிஞ்சுது. ரயில் தண்டவாளம் தரைக்கு மேல துருத்திட்டு நிக்கும், தாண்டணும்னா கால் தூக்கணும். டிராம் தண்டவாளம் ரோட்டோட ரோடா அமுங்கிக் கெடக்குது, சக்கரத்தோட விளிம்பு ஓட மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம். அந்தக் காடியில மழைத்தண்ணி தேங்கி நசுங்குன சாமந்தி ஒண்ணு மிதந்துச்சு, அதுக்கு மேலயே கை ரிக்‌ஷா, டாக்ஸி, சைக்கிள் எல்லாம் பாட்டுக்குப் போகுது, பின்னாடி டிராம்காரர் கால்ல மணிய மிதிச்சு டங் டங்குனு விரட்டுறார்.

அதனால 'அமிழ்' நீளமா இருக்கேன்னு வெட்டிட்டு வெறும் தண்டூர்தின்னா ரயிலும் அதுக்குள்ள வந்துடும். எழுதுறப்ப அமிழ் தண்டூர்தி, பேசுறப்ப தாத்தா சொன்ன டிராம் வண்டி, நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.