"கேலரி காலியாத்தானே இருக்கு, இன்னும் கொஞ்சம் பேரை விடுங்க சார்!"

பெரிய ஆட்டம் என்றால் கேட்டில் இந்தக் குரல் கிளம்பிவிடுகிறது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் கேட்கிறார்கள். கூட்டப் பாதுகாப்புக் கணக்குப் போடுகிறவர்களுக்கு வயிறு எரிகிறது.

நாற்காலிகளை எண்ணினால் கொள்ளளவு வந்துவிடாது. எத்தனை பேர் உட்காரலாம், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம், ஆட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வெளியே போகலாம், தீப்பிடித்தால் எத்தனை பேரைத் தப்பிக்கவைக்கலாம் என்று நாலு கணக்கு உண்டு. நாலில் எது சின்னதோ அதுதான் அரங்கத்தின் கொள்ளளவு. ஒரு லட்சம் நாற்காலி போட்டாலும் வாசல் 30,000 பேருக்குத்தான் தாங்கும் என்றால், அது 30,000 பேர் அரங்கம்.

நம்ம சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குச் சொல்லப்படும் 40,000 என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு டர்ன்ஸ்டைலுக்கு (ஆளை ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் தடுப்பு) மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்கில் சேர்க்க விடாது. அத்தனை பேரும் ஒரு மணி நேரத்தில் நுழைய 61 டர்ன்ஸ்டைல் வேண்டும். நாற்பதுதான் ஓடுகிறது என்றால் 26,400 பேர்தான் உள்ளே போயிருப்பார்கள், மிச்சப்பேர் கேட்டை நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். வெளியேற அதே வழிகாட்டி தரும் நேரம் அதிகபட்சம் எட்டு நிமிடம். ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்குச் சமதளத்தில் 82 பேர், படியில் 66 பேர். 40,000 பேரும் படி வழியாக இறங்க எல்லாப் படிக்கட்டுகளின் அகலமும் சேர்ந்து 76 மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு மீட்டர் படிக்கட்டு ஒன்றில் பழைய சாமானைப் போட்டுப் பூட்டினால் 1,056 டிக்கெட்டைக் குறைத்தாக வேண்டும். குறைக்கிறோமா?

மொத்த எண் சரியாக இருந்தாலும் போதாது. 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில், நின்று பார்க்கிறவர்களுக்காக வேலி போட்டுப் பிரித்த நடுக் கூண்டுகள் இரண்டும் பிதுங்கியபோது பக்கத்துக் கூண்டுகளில் இடம் இருந்தது. 97 பேர் செத்தார்கள். 2022-இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் கண்ணீர்ப்புகைக்குத் தப்பி ஓடிய கூட்டம் சரியாகத் திறக்காத குறுகிய கேட்டுகளில் அடைந்தது. 135 உயிர். இப்படிச் சாகிறவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சடைத்துப் போகிறார்கள்.

1950-இல் ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கிய கூட்டம் பார்த்த பிரேசிலின் மரகானா அரங்கம் இன்று 80,000-க்கும் குறைவு. 1,20,000 என்று பேசப்பட்ட கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம் இப்போது 70,000-க்கும் கீழே. அரங்கம் சிறுத்துப்போச்சே என்று வருந்தாதீர்கள். நின்று நெருக்கியடித்த இடத்தில் தனித்தனி நாற்காலி வந்திருக்கிறது.

நடத்துகிறவர்களே, வெளியேறும் கேட்டுக்குப் பூட்டுப் போடாதீர்கள். கடைசி ஆள் போகும்வரை ஒவ்வொரு கேட்டிலும் ஒருவர் நிற்கட்டும்.

பார்க்க வருகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வாருங்கள். டிக்கெட்டில் போட்ட கேட்டில் மட்டும் நுழையுங்கள். வந்த வழி அல்லாமல் இன்னொரு வழியைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைப் படியில் உட்காராதீர்கள். டிக்கெட் இல்லையா, கேட்டுப் பக்கமே வராதீர்கள். நெரிசலில் செருப்போ போனோ விழுந்தால் குனியாதீர்கள், போகட்டும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். தள்ளு ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள்.

பின்வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. வரிசை நகரவில்லை என்றால் தள்ளாமல் இரண்டடி பின்னால் போங்கள், தயவுசெய்து.