மூடி வைத்தால் லேப்டாப் ஆஃப் ஆகாது

பையிலிருந்து எடுக்கும்போதே சுடுகிற லேப்டாப் ஒன்று இந்த வாரமும் சர்வீஸுக்கு வந்தது. டச்பேட் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அழுத்தினால் க்ளிக் ஆகவில்லை. அடிமூடியைக் கழற்றினால் பேட்டரி உப்பியிருக்கிறது. "நைட் மூடித்தானே சார் வெச்சேன்" என்கிறார் கொண்டுவந்தவர். வருகிற எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள்.

மூடினால் ஆஃப் ஆகாது. திரைதான் அணையும். பழைய மாடல்களில் மூடியதும் எஸ்3 என்ற தூக்கத்துக்குப் போகும், திறந்திருக்கும் வேலையை நினைவில் வைத்திருக்கும் ரேமுக்கு மட்டும் கரண்ட் இருக்கும், மற்றதெல்லாம் நின்றுவிடும். இப்போது வரும் விண்டோஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் அது கிடையாது, மாடர்ன் ஸ்டாண்ட்பைதான். ஃபோன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் சார்ஜ் கொஞ்சம்தான் குறையும், ஆனால் ஏதோ ஒரு டிரைவரோ (வைஃபை மாதிரி பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) ப்ரோகிராமோ தூங்க விடாமல் பிடித்துக்கொண்டால் காற்றே போகாத பைக்குள் ராத்திரி முழுக்க மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஒத்துக்கொள்ளவே செய்யாது, உப்பிவிடும், அதுவும் முழு சார்ஜில் இருக்கும்போது. திரும்பவும் சொல்கிறேன், திரை இருட்டாக இருப்பதும் மெஷின் நின்றுபோவதும் வேறு வேறு.

இதில் மக்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யார் தூங்க விடவில்லை என்பது விண்டோஸுக்கு நன்றாகவே தெரியும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கமாண்டை ஸ்லீப்ஸ்டடி என்ற சொல்லோடு (powercfg /sleepstudy) கொடுத்தால், ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் போனது, எந்தப் பாகம் விழித்திருந்தது என்று சிவப்பில் குறித்து ரிப்போர்ட் தருகிறது. ஒரு டீச்சரோ கணக்குப் பார்ப்பவரோ இதையெல்லாம் டைப் அடித்துக்கொண்டா இருப்பார்? காலையில் திறந்ததும் "நேற்று இந்த டிரைவர் தூங்க விடவில்லை" என்று ஒரு வரி காட்டினால் போதுமே. மெஷினை நிஜமாகவே அணைக்கும் ஹைபர்நேட்டைப் பல மெஷின்களில் பவர் மெனுவிலேயே காணோம், கண்ட்ரோல் பேனலில் போய் டிக் அடித்தால்தான் வரும். பேட்டரி முழு சார்ஜில் கிடக்காமல் 80 சதவீதத்தோடு நிறுத்துவதற்குக் கம்பெனிக்கு ஒரு ஆப். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் அந்த வரம்புக்குப் பொதுவான பெயரில் ஒரு ஃபைலே இருக்கிறது, லேப்டாப் ஒத்துழைத்தால் எந்தக் கம்பெனி மாடலிலும் அதே பெயர்தான். விண்டோஸிலும் அப்படி ஒன்று வந்தால் எங்கள் வேலை பாதி குறையும்.

அதுவரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடும்போது என்ன ஆக வேண்டும் என்ற இடத்தில் ஹைபர்நேட் வையுங்கள். வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு மெஷின் நிஜமாகவே அணையும், திறக்கும்போது சில விநாடி கூடுதலாகும், பரவாயில்லை. பைக்குள் வைக்கும் முன் ஃபேன் சத்தம் நின்றதா, அடிப்பக்கம் ஆறியதா என்று கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே வைக்கவே கூடாது.

டச்பேட் தூக்கியிருந்தால் அன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கொண்டு வாருங்கள். தயவுசெய்து அமுக்கிப் பார்க்காதீர்கள். குத்தி காற்றை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும்.